எந்தப் பிரிவினையைப் பாவம் என்கிறார்கள்?



திருச்சபைப் பிரிவினைகளை விவிலியம் ஏற்கிறதா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. சாதி ஒழிப்பு மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கத்தோலிக்கம், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எத்தனை சபைகள் இருந்தால் நமக்கென்ன? ஆனால் தமிழ்நாட்டில், சபை பிளவுபடக் கூடாது என்ற அறிவுரை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். தனிப் பங்கு கேட்கிற தலித் கிறித்தவரைப் பார்த்துத்தான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர் எழுப்பியவர்களை யாரும் பிரிவினைவாதிகள் என்று சொன்னதில்லை.

பிரிவினைக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுவது வழக்கமாகக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முதல் அதிகாரம். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டிக்கொண்டவர்களைப் பவுல் கண்டிக்கிற பகுதி. பிரசங்கம் அதோடு முடிந்துவிடும். அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுல் மறுபடியும் பிரிவினையைப் பற்றிப் பேசுகிறார். அங்கே பிரச்சினை தலைவர்களின் பெயரல்ல, சோறு. திருவிருந்துக்குக் கூடியவர்களில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்கிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் சொல்வதை வைத்து, பிந்தி வந்தவர்கள் வேலை முடித்து வந்த உழைப்பாளிகளும் அடிமைகளும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்படி உண்பது கர்த்தருடைய விருந்தே இல்லை என்கிறார் பவுல். கவனியுங்கள்: கொரிந்துவில் யாரும் வெளியேறித் தனிச்சபை தொடங்கவில்லை. ஒரே கூரை, ஒரே அப்பம். அதைத்தான் அவர் பிரிவினை என்கிறார். உண்மையானவர் யார் என்று தெரிய வேண்டுமானால் பிளவுகள் வரத்தான் செய்யும் என்ற பொருளிலும் அதே இடத்தில் ஒரு வரி எழுதுகிறார். அந்த வரியை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை!

கலாத்தியர் 2ஆம் அதிகாரமும் பந்தியைப் பற்றியதுதான். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் எதிர்க்கிறார். பேதுருவின் உபதேசத்தில் எந்த மாற்றமும் இல்லை. பந்திதான் மாறியது.

இதை வைத்துத் தமிழ்க் கிறித்தவ வரலாற்றைப் பார்க்கலாம். 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி சாதி வழக்கங்களை ஏற்றுக்கொண்டே மறைபரப்பினார். பிற்பாடு, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனிக் குருமாரையே சேசு சபை வைத்தது. புராட்டஸ்டன்டுகள் மாறுபட்டார்களா? 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கே ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை. 1733இல் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். அவரோடு உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர். அவருடைய திறமையை மிஷனரிகள் மெச்சினார்கள், ஆனால் குருவாக்கவில்லை. அவர் கையால் மற்றச் சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்பதுதான் தயக்கம்.

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். பலர் விலகினார்கள். அடுத்த பத்தாண்டில் வந்த, சாதியை விட்டுப் பிடித்த ஜெர்மானிய லுத்தரன் மிஷன் (பின்னாளில் லைப்சிக் மிஷன்) அவர்களில் பலருக்குப் புகலிடமானது. ஆங்கிலிக்கனுக்கும் லுத்தரனுக்கும் திருவிருந்தைப் பற்றிய இறையியலில் வேறுபாடு உண்டு. அதற்காகவா இவர்கள் சபை மாறினார்கள்? பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதற்காக மாறினார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றாயின. உலகக் கிறித்தவம் வியந்த இணைப்பு அது, சிறுமைப்படுத்த மாட்டேன். ஐரோப்பாவில் முளைத்த பிரிவினைகளை நம் மண்ணில் தீர்த்தார்கள். நம் மண்ணில் முளைத்த பிரிவினைக்கு அப்படியொரு இணைப்புப் பேச்சுவார்த்தை எந்தச் சபையிலும் நடக்கவில்லை.

வடக்கன்குளம் கோயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் என்று காற்சட்டையின் இரண்டு கால்போல் கட்டப்பட்டது. நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள்.

இனி இறையூர். 2008 மார்ச். அன்றைய விழுப்புரம் மாவட்டம். தேர்த்திருவிழாவிலும் சவ ஊர்வலத்திலும் ஒதுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கினார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். பலரும் கேட்ட கேள்வி இதுதான்: ஒன்றாக இருக்க வேண்டிய சபையைத் தலித்துகளே பிரிக்கலாமா?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை 1857இல் கூடி, எல்லோரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரல்லாதவர்களைத் தனியாகக் கூட்டலாம் என்றது. பலவீனம் வெள்ளையருடையது, வெளியே போனவர் கறுப்பர். 1881இல் அது தனிச்சபையாகவே ஆனது. 1986இல், நிறவெறிப் பிரிவினை நற்செய்திக்கு விரோதமானது என்று பெல்ஹார் அறிக்கையை ஏற்றது அப்படித் துரத்தப்பட்டவர்களின் சபைதான். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலனும் தோழர்களும் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையை அமைத்ததற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஜெபத்தில் முழங்காலில் இருந்த கறுப்பரை வெள்ளையர் சபையில் இழுத்து எழுப்பிய கதை.

ஆகவே என் பதில்: பந்தியை விட்டு எழுந்து போகிற பேதுருவின் பிரிவினையை விவிலியம் ஏற்கவில்லை. பசியோடு நிறுத்தப்பட்டவர் வேறு பந்தி போட்டுக்கொள்வதைக் கண்டிக்கிற ஒரு வசனத்தையும் நான் பார்த்ததில்லை. தனிப் பங்கு சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு சாதிக் கோயிலாகவே முடிந்துபோகலாம், அந்தக் கவலை எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கவலையைச் சொல்கிற உரிமை, கோயிலின் பொது வழியை அடைத்தவருக்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை தலித் கிறித்தவர்களை வெளியே நிறுத்துகிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறித்தவரையும் சேர்க்க வேண்டும் என்று 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. சபைகளும் அதை ஆதரிக்கின்றன. நாமும் ஆதரிக்க வேண்டும். கிறித்தவத்துக்குள் சாதி இருக்கிறது என்பதுதான் அங்கே சபைகளின் வாதம். அதே வாதத்தை ஊரில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு தலித் இளைஞர் எழுந்து சொன்னால், சபையைப் பிரிக்காதே தம்பி என்கிறார்கள். டெல்லியில் தாக்கல் செய்த மனுவின் நகலை அந்தத் தம்பி கையோடு எடுத்துப்போய்க் கூட்டத்தில் வாசிக்கட்டும்.