வீடு வாடகைக்கு... ஆனால் யாருக்கு?

(தாம்பரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நிறவெறி என்றதும் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும்தான் நம் நினைவுக்கு வரும். வெள்ளையனைக் கண்டித்துவிட்டுக் கலைந்து விடுவோம். இன்று வாடகை வீடு என்ற ஒரே விஷயத்தில் அவர்களையும் நம்மையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

யார் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று இனம் பார்த்துத் தீர்மானிக்கும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் 1950ல் வந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரின் பேஜ்வியூ பகுதியில் பல்லாண்டு வணிகம் செய்த இந்தியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். 1991ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், நிறம், மதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. வீட்டு வாடகையில் இனபேதத்தை பிரிட்டனும் அதே ஆண்டு தடை செய்தது. இதனால் எல்லோர் மனமும் மாறிவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர் நீதிமன்றப் படியேற வழி பிறந்தது.

நம் நாட்டில்? கடை, ஓட்டல், கிணறு, சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் மதத்தைச் சொல்லி வாடகை வீட்டை மறுக்கும் தனியாரைத் தடுக்க நேரடிச் சட்டம் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் வீடு தேடி அலைந்து, பெயரைச் சொன்னதும் "வேறு ஆள் வந்துவிட்டார்கள் பாய்" என்ற பதிலோடு திரும்பியவர்கள் உங்களில் எத்தனை பேர்?

இது பாதி உண்மைதான். மீதியையும் கேளுங்கள். உங்களில் வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. ஒரு தலித் குடும்பம் வந்து கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? இங்கே படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர் வாசலில் நின்றால்? வடகிழக்கிலிருந்து வந்த தொழிலாளி கேட்டால்?

அரபிக்கும் அரபியல்லாதவருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்று இறுதி ஹஜ்ஜில் முழங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம்!

வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று கேட்போம், போராடுவோம். அந்தச் சட்டம் வரும்வரை காத்திராமல் நம் வீட்டுச் சாவியை இன்றே நியாயமாகக் கொடுப்போம். நாம் மறுத்துக்கொண்டே, நமக்கு மறுக்கிறார்கள் என்று குரல் கொடுத்தால் யார் செவி சாய்ப்பார்கள்?

சிந்தியுங்கள். வஸ்ஸலாம்.