மன்னார்க் கரையில் மலரலங்காரம்



மலரலங்காரம் என்று சொன்ன மாத்திரத்திலே நுவரெலியாவின் குளிர்ந்த சரிவுகளில் விளையும் ரோஜாவையும் கார்னேஷனையும் நினைத்துக்கொண்டு, அவை எட்டாத தூரத்தில் மணலும் உவரும் பனையும் உடைமரமுமாய்க் கிடக்கும் மன்னார்த் தீவில் பூவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிலத்தை ஐந்தாகப் பகுத்து ஒவ்வொன்றையும் ஒரு பூவின் அல்லது மரத்தின் பெயரால் அழைத்தவர்களும், குறிஞ்சிப்பாட்டு என்னும் ஒரே பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலரைப் பெற்றவர்களுமாகிய நமக்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்பதே என் எண்ணம். வீட்டுக்கும் விசேஷத்துக்கும் மலர் தெரிகிறவர் முதலில் அறியவேண்டியது பூவின் விலையோ நிறமோ அன்று, அதன் ஆயுள். எந்தப் பூ எத்தனை நாழிகை வாழும் என்பதை அறிந்து, அதற்கேற்ற இடத்திலும் வேளையிலும் அதை வைத்துவிட்டால், இந்த வரண்ட தீவிலே பூவுக்குப் பஞ்சமே இல்லை.

பூவின் ஆயுளைக் குறைப்பவை இங்கே இரண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில், மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு இராப்பகலாய் வீசுகின்ற சோளகக் காற்று ஒன்று. தென்மேற்கு யன்னலோரத்தில் வைத்த பூச்சாடி அந்த நாட்களில் மத்தியானத்தைக் காண்பதில்லை. இதழின் விளிம்பு முதலில் பழுத்துப் பின் சுருண்டுவிடும். காற்று நேராக வராத உட்சுவரின் ஓரமே அப்போது மலருக்கு உரிய இடம். மற்றொன்று தண்ணீர். தீவின் கிணறுகளிற் பல, கோடை முற்றும்போது உவர்த்துப்போகின்றன. நாவுக்கு உவர்க்கும் ஜலம் தண்டுக்கும் உவர்ப்பதால், பூ தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் வாடுகிறது. தேநீருக்கு உதவாத தண்ணீர் பூச்சாடிக்கும் உதவாது என்று வைத்துக்கொள்ளலாம். பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ, நன்னீர்க் கிணற்றுத் தண்ணீரோ ஒரு போத்தல் எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி சீனியும் சில துளி தேசிக்காய்ப் புளியும் கலந்தால், சீனி பூவுக்கு ஆகாரமாகும். புளி தண்டினுள் நீர் ஏறுவதற்குத் துணைசெய்யும். ஆனால் இந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் அந்தச் சீனியே அழுகலுக்கு உணவாகிவிடும்.

பூவைக் கொய்யும் வேளை சூரியோதயத்துக்கு முன். இரவின் குளிர்ச்சியில் தண்டு நிறைய நீரோடு நிற்கும் அந்தப் பொழுதில், மழுங்கிய கத்தரிக்கோலால் நசுக்காமல், கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, உடனே கழுத்தளவு நீருள்ள வாளியில் நிழலிலே வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் இளைப்பாறவிட்ட பிறகுதான் அலங்காரத்துக்கு எடுக்கவேண்டும். நீரில் அமிழும் இலைகளையெல்லாம் உருவிவிடுவது அவசியம். மல்லிகைக்கு மாத்திரம் நியமம் வேறு: அந்திக்கு மலரும் பூவாகையால், அதை மொட்டாகவே கொய்து, வாழைநாரில் தொடுத்து, நனைத்துப் பிழிந்த துணியிற் சுற்றி மண்சட்டிக்குள் வைத்தால், விளக்கேற்றும் வேளைக்கு வீடு முழுதும் மணக்கும்.

ஒருநாட் பூக்களைச் சிலர் இகழ்ந்து தள்ளுகிறார்கள். எனக்கோ அவற்றின் மீது தனியான பிரியம். செவ்வரத்தை தண்ணீரில் நின்றாலும் நில்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரு பகலே வாழ்வது. ஆகவே அதற்குச் சாடியும் வேண்டியதில்லை, சடங்கும் வேண்டியதில்லை. விருந்தினர் வரும் காலையில் நாலைந்து பூவைக் கொய்து, மேசையின் நடுவே ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தால் போதும். வேலியோரப் பூவரசைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் வெளிர்மஞ்சளாய், அடியிலே கருஞ்சிவப்புப் பொட்டோடு விரியும் அந்தப் பூ, பகல் சாயச் சாய நிறம் மாறி, மாலையிற் செம்மையேறிக் கூம்புகிறது. நீர் நிரப்பிய அகன்ற கோப்பையில் அதை மிதக்கவிட்டு, காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் பாருங்கள்; ஒரே மலரில் இரண்டு அலங்காரத்தைப் பெறுவீர்கள். எந்தக் கடைப்பூவும் இந்தச் சேவையைச் செய்யாது.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 19 மீட்டருக்கும் மேற்பட்ட சுற்றளவுடைய அந்த மரத்தின் இனம், அராபிய வணிகரோடு ஆபிரிக்காவிலிருந்து இக்கரைக்கு வந்தது என்பார்கள். அதன் பெரிய வெண்பூ அந்தியில் அவிழ்ந்து, வௌவாலுக்கு விருந்தளித்து, மறுநாளே சோர்ந்து உதிர்வது. காண்பதற்கு அற்புதமானதாயினும், வாடுகையில் எழும் அதன் நாற்றம் வீட்டுக்கு ஒவ்வாது. மரத்தடியில் நின்று தரிசித்துவிட்டு வரவேண்டிய மலர் அது.

தீவைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால், கட்டுக்கரைக் குளத்தைப் போன்ற நீர்நிலைகளின் தாமரையும் அல்லியும் நமக்கு உரியவை. தாமரையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது விரியாமலே கறுத்துப்போயிற்று என்று வருந்துவோர் பலர். தண்டின் நீண்ட துளைகளிற் காற்றுப் புகுந்து நீரின் வழியை அடைத்துவிடுவதே இதற்குப் பெரிதும் காரணமாகிறது. ஆகையால், தண்டை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தபடியே மறுபடி ஒரு விரற்கடை அறுத்து, வெளியே எடுக்காமல் அப்படியே பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். பின்னர், மொட்டின் வெளியிதழ்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் மெல்ல உள்ளே மடித்துக்கொண்டு போனால், கூம்பிய மொட்டு கைக்குள்ளேயே ஒரு கிரீடம்போல் திறந்துவரும். மூன்றே தாமரை, உயரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட, ஒரு பித்தளைச் செம்பில் நின்றால் போதுமானது. ஜப்பானியரின் இக்கேபானா என்னும் மலர்க்கலை, கியோத்தோ நகரத்துப் பௌத்த ஆலயத்தில் புத்தருக்குப் பூவைச் சமர்ப்பித்த குருமாரிடமிருந்து வளர்ந்தது; மலர்களுக்கிடையே விட்ட வெற்றிடத்தையும் அலங்காரத்தின் அங்கமாக எண்ணுவது அவர்களுடைய சம்பிரதாயம். சாடி பிதுங்கப் பூவைத் திணிக்கும் வழக்கமுடைய நாம் அதைச் சற்று நின்று கவனிப்பது நல்லது.

நம்மிடத்திலும் இதற்கு இணையான நுட்பம் இல்லாமற் போகவில்லை. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவிக் கரையிலே பறங்கியரால் அழிவுற்றுக் கிடந்தபோது, 1872-ஆம் ஆண்டில் அதன் புனருத்தாரணத்தை வற்புறுத்தி எழுதிய ஆறுமுக நாவலரே, தம்முடைய சைவ வினாவிடையில் பூசைக்குரிய பத்திர புஷ்பங்களைப் பற்றியும் விதி வகுத்தார். அவருக்கு முந்திய கமலை ஞானப்பிரகாசரோ, புட்பவிதி என்று தனி நூலே செய்தார். வைகறையில் நீராடி எடுப்பது, தானே உதிர்ந்ததையும் புழுக் கடித்ததையும் சிலந்தி கட்டியதையும் பழையதையும் நீக்குவது ஆகிய சைவாசாரங்களைப் பக்தியின் பொருட்டு மாத்திரம் ஏற்பட்டவை என்று கருதவேண்டாம். புதிய மலரைத் தெரிகின்ற எவருக்கும் இவற்றைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. கொன்றையும் வில்வமும் நந்தியாவட்டையும் அங்கே சிவனுக்கு உகந்தவை. தாழை அந்தப் பூசைக்கு ஆகாதென்று விலக்கப்பட்டது. அதனால் அதை வீட்டிலும் விலக்கவேண்டுமென்பதில்லை. மடலின் முள்விளிம்பைக் கத்தியாற் சீவி, உடுப்புப் பெட்டியில் ஒரு மடல் வைத்துப் பாருங்கள்.

திருக்கேதீச்சரம் அமைந்த அதே மாந்தையிலிருந்து 1670-ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தருக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதாவின் சுரூபத்தைக் காட்டினுள் எடுத்துச் சென்று காத்த இடமே இன்றைய மடுத் திருப்பதி. அங்கே ஆடித் திருவிழா ஜூலை 2-ஆம் தேதியும், ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15-ஆம் தேதியும் வருகின்றன. இரண்டும் சோளகம் உக்கிரமாக வீசும் காலம். வீட்டுத் தோட்டங்கள் வாடிநிற்கும் அந்த நாட்களில், கடதாசிப் பூவைக் கொண்டு பீடத்தை நிறைப்பதிலும், வரட்சிக்கு அஞ்சாத தேமாவையும், மணற்றரையிலே பொன்னாய்ப் பூக்கும் ஆவாரையையும் பசுங்கொத்துகளோடு சேர்த்து வைப்பது எவ்வளவோ மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேமாவின் காம்பு பால் வடிப்பது. வெட்டிய முனையைச் சில விநாடி சுடுநீரில் தோய்த்தெடுத்தால் பால் நின்றுவிடும்.

பூ குறைந்த பருவத்தில் இலைதான் அலங்காரத்தைத் தாங்குகிறது. குருத்து ஞாயிறன்று கையிலேந்தும் தென்னங்குருத்து, மணவறையின் இருபுறமும் நிற்கும் வாழை, நிறைகுடத்து மாவிலை, பந்தலிலே தொங்கும் தோரணம் என்று, மலரில்லாமலே மங்கலத்தை உண்டாக்கும் வித்தை இந்தக் கரையில் எல்லாச் சமயத்தாருக்கும் கைவந்தது. கல்யாண வீட்டில் எட்டுக் கூடை செவ்வந்தியைக் கொட்டுவதிலும், நன்றாய்ப் பின்னிய குருத்தோலைத் தோரணத்தின் நடுவே இடையிட்டு இரண்டு மல்லிகைச் சரம் விடுவது கண்ணுக்கும் இதம், கைக்கும் இதம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லாமல் விடமுடியாது. அலரியின் எல்லாப் பாகமும், கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கு முதலான பாகங்களும் கொடிய விஷமுடையவை. பார்வைக்கு இவை எத்தனை சௌந்தரியமாயிருந்தாலும், உணவு மேசையிலும், குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்திலும் வைக்கலாகாது. சாடியில் மிஞ்சிய தண்ணீரையும் ஆடுமாடு குடிக்கும் தொட்டியில் ஊற்றலாகாது.

ஐப்பசி மழை இறங்குமுன் செய்யவேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். முழங்கை நீளத்துத் தேமாக் கொம்பொன்றை வெட்டி, இலையை நீக்கி, வெட்டுவாயின் பால் உலரும்படி ஒரு வாரம் நிழலிலே கிடத்துங்கள். பிறகு, தண்ணீர் தேங்காத மணலில் ஒரு சாண் ஆழத்துக்கு ஊன்றி, அசையாமல் ஒரு கம்போடு கட்டிவிடுங்கள். மழை பெய்கின்ற வரையில் தண்ணீரை அளவோடு விடுங்கள், மிகுந்தால் அடி அழுகிவிடும். மல்லிகை வைத்திருப்பவர்கள், மழை ஓய்ந்ததும் பழைய கிளைகளைக் கத்தரித்து, அடியிலே எரு இட்டு வாருங்கள். சித்திரையில் புதுத்துளிரோடு மொட்டுக் கட்டும்.