குழாய் போகும், நிலம் நம்ம பேர்லயே இருக்கும்... ஆனா?

(மேட்டுப்பாளையம் இளைஞர் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்பப் பிரிவு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கெயில் குழாய்னு சொன்னா "அது பழைய கதை"ம்பாங்க. இல்லைங்க, படிக்க வேண்டிய கதை.

கொச்சி புதுவைப்பில் 2013-ல் எல்.என்.ஜி. முனையம் வந்துச்சு. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வச்சு, 600-ல் ஒரு பங்காச் சுருக்கிக் கப்பல்ல வர்ற எரிவாயு அது. திரும்ப வாயுவாக்கி, குழாய் வழியா பெங்களூருக்குக் கொண்டுபோகத் திட்டம். குறுக்கே நம்ம கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. சுமார் 310 கிலோமீட்டர்.

நான் எஞ்சினியரிங் படிச்சவன், எரிவாயு வேண்டாம்னு சொல்ல மாட்டேன். பிரச்சினை குழாய் போற பாதை.

1962-ம் வருஷ மத்திய சட்டப்படி நிலத்தை வாங்க மாட்டாங்க, 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எடுப்பாங்க. பட்டா உங்க பேர்லயே இருக்கும். ஆனா அந்தப் பட்டையில வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. 20 மீட்டர் அகலம். தோட்டத்துல 100 மீட்டர் ஓடினாலே கிட்டத்தட்ட 50 சென்ட். தென்னை வச்சவங்களுக்கு முப்பது மரத்துக்கு மேல போச்சு. வெட்டுன மரம், பயிருக்கு இழப்பீடு தனி. நிலத்துக்கு? சந்தை மதிப்பில் 10 சதவீதம். கிணறே வெட்ட முடியாத காட்டை எவன் வாங்குவான், சொல்லுங்க!

2013 மார்ச்சில் கோவையில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்டு, நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டுபோங்கன்னு முதல்வர் ஜெயலலிதா அரசு உத்தரவு போட்டுச்சு. நவம்பர்ல உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. 2016 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றமும் மாநில அரசோட மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. மத்திய சட்டப்படி நடக்குற வேலையை மாநில உத்தரவால நிறுத்த முடியல.

பயம் வீண் பயமும் இல்லீங்க. 2014 ஜூன் 27, ஆந்திரா நகரம் கிராமத்துல கெயில் குழாய் வெடிச்சு, தூங்கிட்டிருந்த சனம் கருகிப் போச்சு.

அதனால பாதை முடிவாகும் முன்னாடியே பேசணும். அரசிதழ்ல அறிவிக்கை வந்து மக்கள் கைக்குக் கிடைச்சதுல இருந்து ஆட்சேபம் எழுத 21 நாள்தான் அவகாசம். அந்த நேரத்துல நாம மீம் போட்டுட்டு இருந்தா ஆகாது. சர்வே எண்ணைப் பாருங்க, அப்பாருகிட்ட வாசிச்சுக் காட்டுங்க, எழுத்துல மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. இழப்பீடு கட்டுப்படியாகலைன்னா மாவட்ட நீதிபதிகிட்டப் போக அதே சட்டத்துல வழி இருக்கு.

மனு எழுதத் தெரியலையா? கமெண்ட்ல ஊர் பேரை மட்டும் போடுங்க, நம்ம ஆளுங்க வந்து எழுதித் தருவாங்க.