பிறவாதவற்றின் கணக்கு: பார உலோகங்களும் சிப்பியினமும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகப்பேற்று விடுதியில் பணிபுரியும் ஒருவரை அழைத்தால் தாய்சேய் நலம் பற்றித்தான் பேசுவார் என்று விழாக்குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நாம் பேசப்போவதும் அதைத்தான். ஆனால் மட்டியிலும் சிப்பியிலும் நத்தையிலும் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தாயின் உடலுக்குள் போகும் நஞ்சு பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை, மருத்துவ நூல்களுக்கு முன்னரே கடல் எமக்குச் சொல்லியிருக்கிறது.

விலங்கியல் வகுப்பில் நாம் படித்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். மட்டியும் சிப்பியும் இரை தேடி ஓடுவதில்லை. நீரைப் பூக்களால் வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கின்றன. வளர்ந்த சிப்பியொன்று நல்ல நிலைமையில் ஒரு நாளில் 100 லீற்றருக்கும் மேற்பட்ட நீரை வடிகட்டவல்லது. அந்த நீரில் ஈயமோ, கட்மியமோ, செம்போ, பாதரசமோ இருந்தால் அதுவும் உடலில் தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் அதன் தசையில் சேரக்கூடும். மீனுக்கு நீந்திப் போக வழியுண்டு. பாறையோடு ஒட்டிய சிப்பிக்கு இல்லை. இதனாலேயே கரையோர நீரின் தூய்மையை அறியச் சிப்பிகளைச் சோதிக்கலாம் என்ற யோசனையை எட்வேட் கோல்ட்பேர்க் என்ற விஞ்ஞானி 1975இல் முன்வைத்தார். இன்று பல நாடுகள் அவ்வாறே செய்கின்றன.

உலோகம் புகுந்ததும் சிப்பி உடனே இறந்துவிடுவதில்லை. உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் விசேட புரதங்களை அதன் உடல் தயாரிக்கிறது. அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் செலவுக்குப் பிறகு வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்புக்கும் முட்டை உருவாவதற்கும் மிஞ்சுவது குறைவு. வீட்டில் ஒருவர் தீராத நோயில் கிடந்தால் மற்றப் பிள்ளைகளின் படிப்புச் செலவு சுருங்குவதைப் போன்றது இது. சிப்பியின் முட்டையும் விந்தும் வெளிநீரில்தான் சந்திக்கின்றன. கருப்பையின் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கும் குறைவான செம்பு இருந்தாலே கருக்களில் பாதி முறையாக விருத்தியடையாமல் போவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். தாய் உயிரோடிருப்பாள், பிள்ளை உருவாகாது.

இது உண்மையில் நடந்த இடம் பிரான்சின் தென்மேற்கிலுள்ள ஆர்க்கஷோன் குடா. பேர்பெற்ற சிப்பி வளர்ப்பிடம் அது. 1977 தொடக்கம் அங்கு புதிய சிப்பிக் குஞ்சுகள் பாறைகளில் ஒட்டுவது அநேகமாக நின்றுபோனது. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ அடுக்கடுக்காகத் தடித்து, உள்ளே பசை நிறைந்த அறைகளோடு விகாரமடைந்தன. ஆண்டுக்கு 10,000 தொன்னுக்கு மேலிருந்த விளைச்சல் 1981 அளவில் ஏறத்தாழ 3,000 தொன்னாக வீழ்ந்தது. காரணம் எதிர்பாராதது: உல்லாசப் படகுகளின் அடிப்பூச்சு. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அந்தப் பூச்சில் ரைபியூற்றைல் ரின் என்ற வெள்ளீயச் சேர்வையைக் கலந்திருந்தார்கள். வெறும் வெள்ளீயம் பெரிய தீங்கு செய்வதில்லை. தகரப் பேணியின் உட்பூச்சும் அதுதான். காபனோடு சேர்ந்து இந்த உருவம் எடுத்ததும் அது கொடிய நஞ்சாகிவிடுகிறது. 1982 ஜனவரியில் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் இப்பூச்சைப் பிரான்ஸ் தடைசெய்தது. அந்தக் கோடையிலேயே குஞ்சுச் சிப்பிகள் மீண்டும் ஒட்டத் தொடங்கின.

இங்கிலாந்தின் பிளிமத் கரையில் வேறொரு காட்சி. அங்குள்ள ஒரு வகைக் கடல் நத்தையில், பெண்களுக்கு ஆணுறுப்பு முளைப்பதை 1970இல் ஓர் ஆய்வாளர் குறித்துவைத்தார். காரணம் அன்று விளங்கவில்லை. 1980களில்தான் அதுவும் அதே படகுப் பூச்சின் வேலை என்று தெளிவானது. லீற்றருக்கு ஒரு நனோகிராமே இதற்குப் போதும். அதாவது, நானூறு ஒலிம்பிக் நீச்சல் தடாகங்களில் ஒரு கிராம். அளவு சற்றுக் கூடினால், முளைத்த அந்த இழையம் முட்டை வெளிவரும் வாயிலையே அடைத்துவிடுகிறது. முட்டைக் கூடுகள் உள்ளே தேங்கி, தாய் நத்தை இறுதியில் இறந்துபோகிறது. பிரசவ அறையில் நிற்கும் எங்களுக்கு இதை வாசிக்கும்போது கை சற்று நடுங்கத்தான் செய்கிறது. கப்பல்களிலும் இப்பூச்சைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதற் குறிப்பிலிருந்து எண்ணினால் 38 ஆண்டுகள்.

இனி மனிதருக்கு வருவோம். யப்பானின் மினமாட்டா நகரில் 1956 மே முதலாம் திகதி, கை கால் இயக்கமும் பேச்சும் குன்றிய ஒரு விநோத நோய் உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டது. இரசாயனத் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசமே காரணம். குடாவின் மட்டிகளிலிருந்தே மெதைல் பாதரசத்தை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். அவ்வூரில் பிறவியிலேயே ஊனமுற்ற குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் மீன் உண்ணாதவர்கள். நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. ஆகவே அது வேறு நோய் என்றார்கள். தாய்மார் ஒப்பவில்லை. தாங்கள் உண்டதே பிள்ளைக்குப் போயிருக்கிறது என்றார்கள். 1961இல் அங்கு சென்ற ஹராடா மசசுமி என்ற இளம் வைத்தியர் அந்தத் தாய்மாரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். அடுத்த ஆண்டு அவர்கள் சொன்னதே சரியென்று மருத்துவ உலகம் ஏற்றது.

பின்னர் அதற்கு இன்னொரு சான்றும் கிடைத்தது. பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் பேணுவது யப்பானியர் வழக்கம். எமது ஊர்களிலும் அதைத் தாயத்தில் அடைத்து வைத்தவர்கள் உண்டு. அப்படிக் காத்துவைத்த கொடிகளைச் சோதித்தபோது அவற்றில் மெதைல் பாதரசம் இருந்தது. மாசு உச்சத்திலிருந்த 1950களின் பிற்பகுதியில் அந்நகரில் ஆண் குழந்தைகளின் பிறப்பு விகிதம் குறைந்திருந்ததும் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்பட்டது.

சகோதரிகளே, இந்த மூன்று வரலாறுகளும் ஒன்றையே சொல்கின்றன. செத்து மிதந்தால் ஊர் கூடிப் பார்க்கும். பிறக்காமல் போனதை எவரும் எண்ணுவதில்லை. பார உலோகங்களின் முதற் தாக்குதல் பெரும்பாலும் அடுத்த தலைமுறை மீதுதான். அதை முதலில் காண்பவர்களும் கரையில் மட்டி பொறுக்குபவர்கள், சிப்பி வளர்ப்பவர்கள், பிள்ளை சுமந்த தாய்மார் போன்றவர்களே. அவர்களின் சொல்லைக் கேட்பதற்குத்தான் காலம் செல்கிறது.

இதைக் கேட்டு மீனையும் மட்டியையும் ஒதுக்கிவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு மீன் நல்ல உணவு. பாதரசம், பெரிய மீன்களிலும் நீண்டகாலம் வாழும் மீன்களிலும்தான் மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களை உண்ணலாம். பெருஞ்சுறா, வாள் மீன் ஆகியவற்றைக் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது எமது பாட்டிமாரின் வழக்கம். கொடுப்பதானால் சிறிய சுறாவாகப் பார்த்து வாங்குங்கள். மட்டியை நகரக் கழிவுநீர் விழும் இடத்தில் பொறுக்க வேண்டாம். அவித்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. பழைய பற்றரிகளைக் களப்பிலும் கிணற்றடியிலும் வீசவும் வேண்டாம்.

இறுதியாக எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் சிலையும் எழுப்புவது நல்லதே. அதோடு ஒரு குறிப்பேட்டையும் தொடங்குவோம். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், களப்புக் கரையில் ஒரே இடத்தில், உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனை மட்டி, அவற்றில் எத்தனை குஞ்சு என்று எண்ணி எழுதட்டும். ஒரு சட்டமும் கயிறும் அளவுகோலும் போதும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் எமது விஞ்ஞானப் பட்டதாரிகள் அந்த எண்களை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். குஞ்சுகளின் தொகை ஓராண்டு குறைந்தால் அது மழையாலும் இருக்கலாம். தொடர்ந்து குறைந்தால், எமது களப்பில் என்ன கலக்கிறது என்று கேட்கும் உரிமையும் சான்றும் எமது பிள்ளைகளின் கையில் இருக்கும்.