வாடகை ஏறும்போது நமக்கு என்ன உரிமை?

(லாபு வட்டாரக் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பலர் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போனது. தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போன பிறகு, நம் பிள்ளைகள் நீலாயிலும் சிரம்பானிலும் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அப்படி வாடகைக்கு இருக்கும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். மாதம் 500 வெள்ளி வாடகை. வீட்டுக்காரர் 21ஆம் தேதி, "அடுத்த மாதம் முதல் 750" என்று கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியிருக்கிறார். "ஐயா, அவர் இஷ்டத்துக்கு ஏத்தலாமா?" என்று கேட்டார் அக்கா.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். வாடகையை இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சொல்லும் சட்டம் மலேசியாவில் இன்று இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களைக் காத்தது. 1997இல் அதை ரத்து செய்து, 1999 இறுதிவரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகை பல மடங்கு ஏறி, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. குடியிருப்பு வாடகைக்குத் தனிச் சட்டம் வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். பேச்சை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

அப்படியானால் நம்மைக் காப்பது எது? நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். ஓராண்டு, இரண்டாண்டு என்று காலம் குறித்திருந்தால், அது முடியும்வரை வீட்டுக்காரர் ஒரு காசு ஏற்ற முடியாது. ஏற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே புதுப்பிக்கும் பகுதியைப் படியுங்கள். "அன்றைய சந்தை வாடகைப்படி" என்று இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். எவ்வளவுக்கு மேல் ஏறாது என்று ஒரு தொகையை எழுதச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், மாதாமாதம் கட்டப்போவது நீங்கள்.

எழுத்தில் ஒன்றுமே இல்லை, வாய்ப்பேச்சுதான் என்கிறீர்களா? மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை வாய்மொழியாக இருந்தாலும் தேசிய நிலச் சட்டப்படி செல்லும். மாதா மாதம் கட்டும் வாடகை என்றால், பொதுவாக வீட்டுக்காரர் முழுதாக ஒரு மாத முன்னறிவிப்பு தந்து பழைய வாடகையை முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் புதுத் தொகை. அக்காவுக்குக் கிடைத்ததோ பத்து நாள். நாங்கள் கடிதம் எழுதினோம். கடைசியில் 600க்கு ஒத்துக்கொண்டார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். பேரம் பேச நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் அக்கா ஒரு காரியம் சரியாகச் செய்தார். பழைய 500 வெள்ளியை நிறுத்தாமல் வங்கியில் கட்டி ரசீதை வைத்துக்கொண்டார். கோபத்தில் வாடகையை நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாக்கி இருந்தால், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் நீதிமன்ற ஆணை பெற்று, பன்னிரண்டு மாதப் பாக்கி வரைக்கும் உங்கள் பொருளை ஜப்தி செய்ய முடியும். அதுவும் நீதிமன்ற ஆள்தான் வரவேண்டும். வீட்டுக்காரரே வந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே எறிவது, தண்ணீரை அடைத்து விரட்டப் பார்ப்பது, இவற்றையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். 1950ஆம் ஆண்டு குறித்வகை நிவாரணச் சட்டம், பிரிவு 7(2): வாடகைக் காலம் முடிந்து, நீங்கள் இன்னும் உள்ளே இருந்தாலும், நீதிமன்றம் போகாமல் உங்களை வெளியேற்றக்கூடாது. இந்த எண்ணைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். ஆனால் இதை நம்பிக் காலம் கடத்தவும் வேண்டாம். முறையாக முடிக்கப்பட்ட பிறகும் தங்கினால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் பிரிவு 28(4)படி இரட்டை வாடகை கேட்க அவருக்கு வழி உண்டு.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால், 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வக்கீல் இல்லாமல் நீங்களே வழக்குப் போடலாம்.

இதெல்லாம் எல்லா இனத்தாருக்கும் ஒரே சட்டம். பிறகு ஏன் நமக்கு மட்டும் வாடகை ஏற்றம் இவ்வளவு பயம்? இந்த வீட்டை விட்டால் அடுத்த வீடு கிடைக்குமா என்பதுதான். "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இன வேறுபாடு கூடாது என்கிறது. ஆனால் அரசியலமைப்பு உரிமை அரசுக்கு எதிராகத்தான், தனியாருக்கு எதிராக அல்ல என்று பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டை இருக்கும்வரை 750 கேட்டாலும் நம் ஆள் வாயை மூடிக்கொண்டு கட்டுவான். அதனால்தான் வரப்போகும் வாடகைச் சட்டத்தில் இன வேறுபாட்டுக்குத் தடையும், வாடகை ஏற்றத்துக்கு வரம்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நீங்களும் இதைக் கேளுங்கள்.

ஒப்பந்தம் கொண்டு வந்திருப்பவர்கள் மேசைக்கு வாருங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும் பரவாயில்லை, வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன்.