பசியும் சரீரக் கோளங்களும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

நீலகிரிக் குன்னூரில் மக்காரிஸன் என்னும் வைத்திய நிபுணர் புறாக்களுக்குச் சத்தழித்த அரிசியையே ஊட்டிப் பரிசோதித்து, அதன் பலனை 1921-இல் நூலாக வெளியிட்டார். அப்பறவைகளின் இருதயம், ஈரல், மண்ணீரல் யாவும் எடை குன்றின; தைமஸ் கோளமோ பெரும்பாலும் கரைந்தே போயிற்று. ஆனால் சிறுநீரகத்தையடுத்த அட்ரினல் கோளங்கள் பெருத்திருந்தன! பஞ்சத்தில் ஊர் இளைக்க வட்டிக்காரன் கொழுப்பதை நாம் நினைக்கலாம், உவமை பொருந்தாது. இக்கோளம் கொழுக்கவில்லை, ஓயாத வேலையால் வீங்கிற்று.

1936-இல் கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் ஹான்ஸ் ஸெல்யி, குளிராலும் காயத்தாலும் விஷத்தாலும் வருந்திய எலிகளிடத்தும் இம்மாறுதல்களையே கண்டார். எனவே பசியும் சரீரத்துக்கு ஓர் அடியே. அப்போது அட்ரினல் சுரக்கும் ஹார்மோன் தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கி மூளையைக் காக்கிறது. அதுவே, நோயெதிர்க்கும் வெள்ளணுக்களைப் பயிற்றும் தைமஸையும் கரைக்கிறது.

போஷணையற்ற குழந்தைகளிடத்தும் தைமஸ் சுருங்கக் கண்டிருக்கின்றனர். நல்லாகாரத்தால் எடை தேறிய பின்னும் அது முன்போல் வளரச் சில வாரங்கள் செல்லும். ஆதலின், தாய்மார்களே, கன்னம் உப்பிற்றென்று பாலையும் பருப்பையும் உடனே குறைத்துவிடாதீர்கள்.