கியர் எப்போது மாற வேண்டும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்று செயலாளர் சொன்னார். இரண்டில் ஒன்றுக்குத்தான் நான் உத்தரவாதம் தர முடியும்!

நான் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். பழைய கார்களைச் சரி செய்வது என் பொழுதுபோக்கு. அங்கே ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் என்பது நம் பாட்டனார் காலத்திலிருந்தே சர்வசாதாரணம். அந்தப் பழைய பெட்டியில் கியர் தப்பான நேரத்தில் மாறினால், காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்று என் பேச்சு.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களில் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமாடிக் 350. வேகத்துக்குப் பேர்போன கமாரோ காரில் இது ஏராளமாக வந்தது. மூன்றே கியர்கள்: 2.52, 1.52, கடைசியில் நேர் ஒன்று. கம்ப்யூட்டர் கிடையாது. எப்போது கியர் மாற்றுவது என்று முடிவு செய்வது முழுக்க முழுக்க எண்ணெய் அழுத்தம்தான்.

உள்ளே நடப்பது ஒரு கயிறிழுப்புப் போட்டி. ஒரு பக்கம் கவர்னர். கவர்னர் என்றதும் ராஜ்பவனை நினைக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் நாம் உருப்போட்டோமே, சுழலும் எடைக்குண்டுகள், அதே சங்கதிதான். பெட்டியின் பின்பக்க ஷாஃப்ட் வேகமாகச் சுழலச் சுழல, கவர்னர் தரும் அழுத்தம் ஏறும். "வேகம் வந்துவிட்டது, அடுத்த கியருக்குப் போ" என்று அது தள்ளும்.

எதிர்ப்பக்கம் மாடுலேட்டர். அது ஒரு தகர டப்பா. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. இன்ஜின் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வேக்குவம் அதற்குப் போகிறது. லேசாக மிதித்தால் வேக்குவம் அதிகம். அழுத்தி மிதித்தால் குறைவு. வேக்குவம் குறைந்தால், "இன்ஜினுக்குச் சுமை அதிகம், கொஞ்சம் பொறு" என்று மாடுலேட்டர் தடுக்கும். இவர்கள் இருவரோடு மூன்றாவதாக ஒரு கேபிள் உண்டு. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கும்போது மட்டும் அது இழுபட்டு, கியர் மாறுவதை இன்னும் தள்ளிப்போடும். ஓடும்போது கீழ்க் கியருக்கு இறக்குவதும் அதுதான்.

ஆக, கியர் தப்பாக மாறினால் குற்றவாளி இந்த மூவரில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூவரையும் பெட்டியைக் காரிலிருந்து இறக்காமலேயே பார்த்துவிடலாம். இதைத்தான் நான் அடித்துச் சொல்ல விரும்புகிறேன்.

எப்படிப் பார்ப்பது? முதலில் எண்ணெய். வண்டி சூடான பின், சமதரையில் நிறுத்தி, 'பார்க்'கில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். கறுத்துப் போய் தீய்ந்த வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்துவிட்டன என்று பொருள். அதற்கு மேல் சோதனை வேண்டாம், பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் சிவப்பாக, நல்லபடியாக இருந்தால் மேலே போகலாம்.

அடுத்து, காலி ரோட்டில் மூன்று ஓட்டம்: லேசாக மிதித்து ஒன்று, பாதி மிதித்து ஒன்று, முழுக்க மிதித்து ஒன்று. ஒவ்வொரு முறையும் கியர் எந்த ஆர்.பி.எம்.மில் மாறியது என்று பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். முழு மிதியில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவதைப் பார்த்தால் போதும். மூன்று வரை போனால் வேகம் மணிக்கு 80 மைலைத் தாண்டிவிடும். அது ரேஸ் டிராக்கில் செய்ய வேண்டிய வேலை.

அந்தக் காகிதமே பதில் சொல்லிவிடும். மூன்று ஓட்டத்திலும் ஒரேமாதிரி தாமதமா? கவர்னரைப் பாருங்கள்: உள்ளே அழுக்குச் சேர்ந்து வால்வு சிக்கியிருக்கலாம். கியர் மாறவே இல்லையென்றால், அதன் நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஒரு கம்பி கிளிப்பை நீக்கினால் மூடி கையோடு வந்துவிடும். லேசாக மிதித்தால் தாமதம், 'தொம்' என்று இடி. முழுக்க மிதித்தால் எல்லாம் சரியா? அது வேக்குவம் கோளாறு. முழு மிதியில் வேக்குவம் எப்படியும் ஏறக்குறைய இல்லை. அதனால் அங்கே கோளாறு தெரியாது. முழு மிதியில் மட்டும் சீக்கிரமே மாறிவிடுகிறது, கீழ்க் கியருக்கும் இறங்கவில்லையா? கேபிள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து கேபிள் கடைசி வரை இழுபடுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் 1971 கமாரோ இருக்கிறது. அவருடைய அப்பா புதிதாக வாங்கி, சாகும்வரை தன் கையால் துடைத்த வண்டி. அப்பா போன பிறகு அது முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு உதை. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "பெட்டியை இறக்கி ஓவரால் பண்ணணும், மூவாயிரம் டாலர் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். விற்றுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். "விக்கிறது இருக்கட்டும், சனிக்கிழமை கொண்டு வாங்க" என்றேன்.

மூன்று ஓட்டம் ஓடினோம். முழு மிதியில் 4,900-ல் அழகாக மாறியது. லேசாக மிதித்தால்தான் ரகளை. ஆகவே வேக்குவம். டி-ஜாயிண்ட் போட்டு மீட்டர் மாட்டினோம். ஐடிலில் மேனிஃபோல்டில் 17 அங்குலம். மாடுலேட்டர் முனையில் 9 தான்! புகைக்குழாய்ச் சூட்டில் வெந்து, முனையிலிருந்த சின்ன ரப்பர் முழங்கை அடிப்பக்கமாக வெடித்திருந்தது. விலை ஒரு காப்பிக் காசு. மாற்றிவிட்டு ஓட்டினோம், கியர் மாறியதே தெரியவில்லை. நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா ஓட்டும்போது இப்படித்தான் இருக்கும்" என்றார்.

இன்னும் சில குறிப்புகள். மாடுலேட்டர் குழாயைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிப்பதால் வெள்ளைப் புகையும் வரும். வேகத்துக்காகப் பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினில் ஐடில் வேக்குவமே 10, 12 என்று குறைந்துவிடும். அப்போது மாடுலேட்டர் ஏமாந்து போகும்; குறைந்த வேக்குவத்துக்குத் தக்க மாடுலேட்டர் போட வேண்டும்.

இன்னொன்று, பலரும் குழம்பும் இடம். பின் ஆக்சிலில் கிரவுன்-பினியனை 3.08-லிருந்து 3.73-க்கு மாற்றினால், "இப்போ சீக்கிரமே கியர் மாறுது" என்பார்கள். 26 அங்குலச் சக்கரத்தில் 5,000 ஆர்.பி.எம்.மில் முதல் கியர் முடியும் வேகம் சுமார் 50 மைலிலிருந்து 41 மைலுக்கு இறங்கும், உண்மைதான். ஆனால் கவர்னர் இருப்பது பெட்டியின் ஷாஃப்டில், ஆக்சிலுக்கு முன்னால். இன்ஜின் சுழற்சியில் பார்த்தால் முழு மிதியில் மாறும் இடம் மாறவே இல்லை. அதனால்தான் ஆர்.பி.எம்.மை எழுதச் சொன்னேன், மைலை அல்ல.

ஒரு எச்சரிக்கை. 1982-ல் வந்த 700ஆர்4 பெட்டியிலும் இதே மாதிரி ஒரு கேபிள் உண்டு. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் அது எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிப்பது. அது கழன்ற நிலையில் வண்டியை ஓட்டினால் கிளட்ச் எரிந்து போகும். ஒரு பெட்டிக்குப் படித்த பாடத்தை யோசிக்காமல் இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

மாணவச் செல்வங்களே, இன்றைய கார்களில் கம்ப்யூட்டர்தான் கியரை மாற்றுகிறது. ஆனால் அதுவும் கேட்பது முக்கியமாக இதே இரண்டு கேள்விகள்தான்: வேகம் எவ்வளவு, சுமை எவ்வளவு? கோளாறு எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் வரவில்லை என்பதை முதலில் எழுதி வையுங்கள். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம். பிரித்துப் போடுவது யாருக்கும் வரும். எதைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள்.